செம்புச்சாமி மகள்

எனக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்று நான் கேட்டபோது என் அம்மா அழுதாள், முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். இருபது வயதுப் பெண் வாய்விட்டு இப்படிக் கேட்டால் ஊர் உலகத்தில் என்ன நடக்கும்? ஜாதகத்தைத் தூசி தட்டுவார்கள், இல்லையென்றால் எவன்டி அவன் என்று கன்னத்தில் ஒன்று வைப்பார்கள். அந்த அறைக்குக்கூட எனக்குக் கொடுப்பினை இல்லை. நான் செம்புச்சாமியின் மகள்.

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள் யாரைக் கேட்டாலும் என் அப்பாவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் சொந்தப் பெயர் கோட்டைச்சாமி. செல்லப்பாண்டி முதலாளியின் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். மருந்து என்றால் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும். எனக்கு மூன்று வயது இருக்கும்போது, ஒரு சித்திரை மாத மதியம், அப்பா சலித்துக்கொண்டிருந்த சல்லடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே நடந்தார். கலவைக்காரர் வேலையைப் பாதியில் விட்டு நடந்தால் பக்கத்து அறைக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? என்னவோ ஏதோ என்று அத்தனை பேரும் பின்னாலேயே நடந்தார்கள். வேலி ஓரம் போய்ச் சேர்வதற்குள் அந்த வரிசை அறைகள் முழுவதும் வெடித்துத் தரைமட்டமாகிவிட்டன. ஒரு ஆளுக்குச் சின்னக் கீறல்கூட இல்லை.

"வெக்கையா இருந்துச்சு, காத்து வாங்கப் போனேன்" என்றார் அப்பா. சாகிற வரைக்கும் இதையேதான் சொன்னார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். எந்தச் சாமி தன்னைச் சாமி என்று ஒத்துக்கொண்டிருக்கிறது?

அன்று பின்னால் நடந்தவர்கள் மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். வேலை முடிந்து வருகிறவர்களின் கை முழங்கை வரைக்கும் அலுமினியத் தூள் அப்பி வெள்ளியாய் மினுங்கும். அப்பாவுக்கு அவர்களிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினார். "கையக் கழுவிட்டு உக்காருங்க. கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்" என்றார். அவர் உபதேசம் அவ்வளவுதான். அதைக் கேட்பதற்கு வருஷா வருஷம் கூட்டம் கூடியது. ஆர்டர், லோடு, சீசன் என்று நாள் முழுக்க விரட்டப்படுகிறவர்களிடம் சும்மா இரு என்று சொல்ல வேறு யார் இருந்தார்கள்?

சங்கையா என்று ஒருவர். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவர். அவர் வந்து கையை நீட்டியபோது அப்பா ஒரு செம்பு முடிந்து, இன்னொரு செம்பு முடிந்து, ஊற்றிக்கொண்டே இருந்தார். "போதும் சாமி, போயிருச்சு" என்றார் சங்கையா. "இன்னும் போகலையே" என்றார் அப்பா. அன்றைக்கு அழுத சங்கையா அதன்பிறகு அவளைத் தொட்டு அடிக்கவில்லை. இதை நான் திண்டாட்டத்தோடுதான் சொல்கிறேன். அப்பா போலியாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அவர் போலி இல்லை.

முதலாளியும் ஒருநாள் வந்து எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். அவர் கையில் மருந்து ஏது? அப்பா அவருக்கும் ஊற்றினார். அந்த வருஷமே அவர் இடிந்த அறைகளை மறுபடி கட்டும்போது தள்ளித் தள்ளிக் கட்டினார். சீசன் நேரத்தில் ஒரே அறையில் ஆட்களை அடைப்பதை நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் விபத்தே இல்லை. அறைக்கும் அறைக்கும் நடுவே விட்ட இடம்தான் காரணம் என்று செழியன் சொல்வான், அவன் யாரென்று பிறகு சொல்கிறேன். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் காலி இடத்தைக் கும்பிட முடியாது. அப்பாவைக் கும்பிட்டார்கள்.

எனக்குப் பதினைந்து வயதில் அப்பா நெஞ்சு அடைத்துச் செத்தார். முதலாளி கொடுத்த நிலத்தில் அவரை உட்கார்ந்தபடி அடக்கம் செய்து, மேலே தகரக் கூரை போட்டு, பிறகு மண்டபமும் கட்டினார்கள். மண்டல பூசையன்று ஜனங்கள் வரிசையாகக் கையை நீட்டி நின்றார்கள். ஊற்றத்தான் ஆள் இல்லை. அய்யம்மாள் என்று ஒரு அம்மா, சரவெடி பின்னுகிறவள், அப்பாவின் செம்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். சாமியின் ரத்தம் நீதானே என்றாள். ஒரு நாளைக்குத்தானே என்று நானும் ஊற்றினேன்.

அன்றைக்கே ஒரு வித்தியாசம் நடந்தது. அப்பா ஊற்றிய தண்ணீரில் கை கழுவினார்கள். நான் ஊற்றியதைக் குடித்தார்கள். "கழுவத்தான் இது, குடிக்காதீக" என்று கத்தினேன். "சரி தாயி" என்று சொல்லிவிட்டுக் குடித்தார்கள். பிள்ளை இல்லாதவள் ஒருத்தி குடித்தாளாம், உண்டானாளாம். அத்தோடு என் கதை முடிந்தது. பள்ளிக்கூடம் நின்றது. பானுப்பிரியா என்ற பெயரும் நின்றது. என் அம்மாவைவிட மூத்த பொம்பளைகள் காலில் விழுந்தார்கள். விருதுநகருக்குப் போய்ப் பொரித்த பரோட்டா தின்ன வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாய் ஆசை. சாமி மகள் பரோட்டாக் கடையில் உட்கார முடியுமா? முதலாளி வீட்டிலிருந்து தயிர்சாதம் வந்தது. ஐந்து வருஷம் தயிர்சாதம் வந்தது.

செழியன் சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவன். அப்பா படம் போட்ட காலண்டர் கட்டுகளை இறக்க வந்தான். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், முறைக்கு மாமன் மகன். சாதி தடை இல்லை, முறை தடை இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் அதைக் காரணம் காட்டக் கூடாது. மற்றவர்கள் குனிந்து நின்ற இடத்தில் அவன் நிமிர்ந்து நின்று காலண்டரைப் பார்த்தான்.

"செவப்பு கொஞ்சம் தூக்கிருச்சு. மாமா காது பழுத்த மொளகா மாதிரி விழுந்திருச்சு. கோவிச்சுக்கிடுவாரோ?" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் தாயி சிரித்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "ஒன் பேரு பானுதான?" என்று கேட்டான். அந்தப் பெயரை ஒரு வாய் சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது. எனக்கு அவனைப் பிடித்துப்போக அது போதும். அதற்குப் பிறகு குறையுள்ள காலண்டர், குறையில்லாத காலண்டர் என்று ஏதாவது சாக்கில் அவன் வந்துகொண்டிருந்தான்.

அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் முதலில் சொன்னேன். அவள் பெயர் பாலம்மாள். அவளும் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் போய் நுரையீரலைக் கொடுத்தவள்தான்.

"அவன் நல்ல பய. எனக்குத் தெரியாதா" என்று அழுதாள். "ஆனா நீ கழுத்த நீட்டுனா நாளைக்கு இந்தச் சனம் எங்கிட்டுப் போகும்? ஒங்க அப்பாவ நான் புருசனா வச்சிருந்தது கொஞ்ச நாளுதான். அப்புறம் ஊருக்குக் குடுத்தேன். ஒன்னையும் குடுத்தாச்சுத்தா."

"என்னையக் கேட்டா குடுத்த?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனாள்.

முதலாளியிடம் போனேன். நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போடலாம். நான் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்தபோது நீர் வழிந்தது. "தாயி என்னையச் சோதிக்கீக. சாமியும் இப்படித்தான், காத்து வாங்கப் போனேன்னு சொல்லிச் சோதிப்பாக" என்று கும்பிட்டார். நான் எதைச் சொன்னாலும் அது நான் சொன்னதாக இருக்காது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவு பூட்டிய வீட்டில் இருப்பவள் கதவையாவது தட்டலாம். எனக்குக் கதவே இல்லை. நான்கு பக்கமும் கும்பிட்ட கைகள்தான்.

எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போட்டது அய்யம்மாள். காலை ஷிப்டுக்குப் போகிற பெண்கள் முதலில் மண்டபத்துக்கு வந்து கையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கம்பெனி வேனில் ஏறுவார்கள். அய்யம்மாளின் மூத்த மகள் வேறொரு கம்பெனியில் கருகிச் செத்தவள். இளையவள் பேச்சியம்மாள் செல்லப்பாண்டி முதலாளி கம்பெனியில் தரையில் சுற்றும் சக்கரத்தை வெயிலில் காயப்போடுகிறாள். ஒருநாள் அவள் வேன் ஏறியதும் அய்யம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இங்கன இருக்கீகன்னுதான் தாயி இவள அனுப்புதேன். இல்லாட்டி பட்டினி கெடந்தாலும் அனுப்ப மாட்டேன்."

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் போன மறுநாள் எங்காவது ஓர் அறை வெடித்தால்? என் தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே. செழியனிடம் இதைச் சொல்லி அழுதேன்.

"சரி, நீ இங்கன இருக்கும்போதே வெடிச்சா?" என்று கேட்டான். "அப்ப மட்டும் சும்மா விடுவாகளா? போனாலும் ஒம்மேலதான், இருந்தாலும் ஒம்மேலதான். அதுக்கு எங்கூட இருந்து தொலையேன்."

கல்யாணம் கேட்கிற மாதிரியா இருக்கிறது இது? ஆனால் அந்தக் கணக்கில் தப்பு இல்லை. எனக்கு மூச்சு வந்தது. கழுகுமலைக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விடுவது, அங்கே அவனுக்கு ஒரு பிரஸ்ஸில் வேலை சொல்லியாகிவிட்டது என்று முடிவானது. பூசை, பௌர்ணமி எதுவும் இல்லாத செவ்வாய்க்கிழமை. காலைத் தண்ணீர் முடிந்து, சாப்பாட்டு மணிக்கு முந்தைய நேரம். ஊரே கம்பெனிக்குள் இருக்கும். செழியன் முந்தின ஊரிலேயே சாத்தூர் பஸ்ஸில் ஏறி இடம் பிடித்திருப்பான். நான் மெயின் ரோட்டில் ஏற வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

இரண்டாயிரத்து எட்டு. எங்கள் புத்தியைப் பாருங்கள், நாங்கள் தேர்ந்தெடுத்த மாதம் சித்திரை.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். செம்பை அப்பாவின் சமாதி மேல் வைத்துவிட்டு, மாற்றுச் சேலைகூட எடுக்காமல் வெறுங்கையோடு வெளியே வந்தேன். அத்தனை வருஷத்தில் தனியாக நான் ரோட்டில் நடப்பது அதுதான் முதல் தடவை. வெயில் மண்டையைப் பிளந்தது, எனக்கு ஆனந்தமாக இருந்தது. ஓட வேண்டும் போல இருந்தது. ஓடினால் கண்ணில் படும் என்று மெதுவாக நடந்தேன். அங்கேதான் கெட்டேன். ஓடியிருந்தால் பைத்தியம் பிடித்துவிட்டது என்று யாராவது பிடித்துக் கட்டியிருப்பார்கள், அதிலாவது ஒரு தப்பிக்கும் வழி இருந்திருக்கும்.

கம்பெனி வேலி ஓரத்தில் சக்கரம் காயப்போடும் மேடை ரோட்டைப் பார்த்தபடி இருக்கும். அங்கே நின்ற பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். சித்திரை மதியம், செம்புச்சாமியின் மகள், ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்து போகிறாள். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். வேலிக் கதவைத் திறந்து வந்து என் பின்னால் நடந்தாள். அவளைப் பார்த்து மேடையில் நின்ற மற்றவர்களும் வந்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். "எங்க வாரீக? வேலையப் பாருங்க போங்க" என்றேன்.

"சரி தாயி" என்றார்கள். நின்றார்கள். நான் நடந்ததும் நடந்தார்கள்.

அப்பா நடந்தது எனக்கு அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது. அவர்களுக்கு அது எந்த நாளும் மறந்ததே இல்லை. பின்னால் போனவர்கள் பிழைத்தார்கள், அவர்களுக்குத் தெரிந்த வேதம் அது ஒன்றுதான். "தாயி நடந்துட்டாக" என்ற சொல் அறைக்கு அறை தாவியது. ஃபோர்மேன்களே கதவைத் திறந்துவிட்டார்கள். அடுத்த கம்பெனிக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கருவேலங்காட்டு வழியாக வந்து சேர்ந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் பேசவில்லை. மெயின் ரோட்டுக்கு வரும்போது எனக்குப் பின்னால் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அத்தனை பேர் கையும் வெள்ளியாய் மினுங்கியது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இப்படிக்கூட ஒரு பெண்ணை அடைத்துவைக்க முடியுமா, வெட்டவெளியில், பின்னால் நடந்தே?

பஸ் வந்தது. கூட்டத்தைப் பார்த்து டிரைவர் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். முன்படியில் செழியன் நின்றான், என்னை ஏற்றிவிடக் கையை நீட்டியபடி. என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"நான் சாத்தூருக்குப் போறேன்" என்று கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னேன்.

"சரி தாயி, நாங்களும் வாரோம்" என்றாள் அய்யம்மாள். அவள் எப்போது வந்து சேர்ந்தாள் என்றே தெரியவில்லை. பின்படியில் நாலைந்து பெண்கள் அதற்குள் ஏறிவிட்டார்கள்.

"நீங்க வரக் கூடாது. நான் மட்டும் போறேன்."

"நீங்க போற எடத்துலதான தாயி உசுரு இருக்கு" என்றாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

நீட்டிய செழியனின் கையைச் சங்கையா அப்போதுதான் கவனித்தார். வயதானாலும் உடம்பு கல் மாதிரி. "யாருலே நீ? தாயி கையப் புடிக்க வார?" என்று முன்னால் வந்தார். அவரோடு இன்னும் சில ஆம்பளைகள் வந்தார்கள். இவர்தான் நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் என்று சொல்ல வாயெடுத்தேன். சங்கையாவின் கை முஷ்டி பிடித்திருந்தது. அப்பா கழுவிவிட்ட கை, அப்பாவுக்காக இன்றைக்கு அடிக்கும். ஆயிரம் பேர் ஆளுக்கு ஓர் அடி அடித்தால் செழியன் என்ன ஆவான்? சொன்னால் அவனைக் கொன்றுவிடுவார்கள். சொல்லவில்லை.

செழியன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையை மெல்ல ஆட்டினேன், வேண்டாம் என்று. அவனுக்குப் புரிந்துவிட்டது. நீட்டிய கையை மடக்கி மற்றக் கையோடு சேர்த்தான். படியிலிருந்து இறங்கினான். தார் ரோட்டில், அந்தக் கொதிப்பில், நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தான்.

"புள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ணுங்க தாயி" என்றது கூட்டம். சங்கையாவின் கை தளர்ந்தது.

குனிந்து அவன் தலையில் கை வைத்தேன். அதுவரைக்கும் நாங்கள் ஒருவரை ஒருவர் தொட்டதில்லை. முடி வெயிலில் சுட்டது. தேங்காயெண்ணெயும் பிரஸ் மையும் கலந்து ஒரு வாசனை வந்தது. எவ்வளவு நேரம் கையை எடுக்காமல் இருந்தேனோ தெரியாது. அவன் முதுகு குலுங்கியது, அழுகிறான் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. பிறகு எழுந்து, என்னைப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினான். பஸ் போய்விட்டது. அவன் கோயம்புத்தூருக்குத்தான் போனான், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அவன் மேல் இல்லை.

அன்று எங்கேயும் ஒன்றும் வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் தாயி முன்கூட்டியே அறிந்தாள் என்றிருப்பார்கள். வெடிக்காததால், தாயி நடந்ததில் அது அடங்கிவிட்டது என்றார்கள். முதலாளி சம்பளத்தோடு லீவு விட்டார்.

இப்போது வருஷா வருஷம் சித்திரை மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை திருவிழா. தாயி நடை என்று பெயர். கம்பெனிகள் எல்லாம் மூடியிருக்கும். மண்டபத்திலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நான் முன்னால் நடக்க, ஜனம் பின்னால் சத்தமில்லாமல் வரும். பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆள் என் காலில் விழ வேண்டும் என்பது முறையாகிவிட்டது. விழுகிறவன் கல்யாணமாகாத இளவட்டமாக இருக்க வேண்டும், விழுந்தால் அந்த வருஷமே பெண் அமையும் என்கிறார்கள். அதற்குப் பையன்களுக்குள் அடிதடி. போன வருஷம் விழுந்தவன் சங்கையாவின் பேரன், ஊர்க்காவலன் என்று பெயர்.

தலையில் கை வைக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். எடுக்க மனம் வராமல் நேரமாகிவிடுகிறது. தாயி நிஷ்டையில் இருக்கிறாள், பேசாதீர்கள் என்று அய்யம்மாள் கூட்டத்தை அமர்த்துகிறாள்.